எடைக்கு எடை மல்லாட்டை

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஏழாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடத்துக்கு, விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், ஒரு மருந்துக்கடையின் வாசலில் இது தொடங்கியது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு என் நினைவாற்றல் காரணம் அன்று. அங்கிருந்த எடை இயந்திரம் நாணயத்தை வாங்கிக்கொண்டு தந்த சீட்டில், எடைக்கு மேலே தேதியும் நேரமும் அச்சாகியிருந்தன. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

நானும் என் தங்கையும் திண்டிவனத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் விழுப்புரம் வந்து படிக்கிறவர்கள். நான் முதுகலைத் தமிழ் இலக்கியம். அவள் இளங்கலை வேதியியல். என்னைவிட மூன்று வயது இளையவள். முந்தைய மழைக்காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தோம். இரண்டு பெண்களும் எழுந்து நடந்தால், ஒவ்வொருத்திக்கும் எடைக்கு எடை மல்லாட்டை செலுத்துவதாக அம்மா எங்கள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அதைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அப்பா திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே வேலை. அவர் சொன்ன எடையை யாரும் மறுபடி போட்டுப் பார்த்ததில்லை என்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே பெருமை. அதையும் அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நேர்த்திக்கடன் ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு என்று முடிவானது. அதற்குமுன் எங்கள் எடை அப்பாவுக்குத் தெரிய வேண்டும்.

"நேரா மண்டிக்கு வந்துடுங்க. ஒரு நிமிஷம் மேடையில நின்னா முடிஞ்சிது" என்றார்.

நான் மறுத்தேன். மூட்டைகளை வைத்து எடை பார்க்கும் அந்த இரும்பு மேடையில், மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நிற்க, நான் ஏறி நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. விழுப்புரத்திலேயே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அப்பா வற்புறுத்தவில்லை. நான் எதிலும் சரியாக இருப்பவள் என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி.

அந்தப் புதன்கிழமை முதலில் ஏறியவள் தங்கை. கையில் பாதி சமோசா இருந்தது. சீட்டு வந்ததும் சாலைக்கே கேட்கும்படி, "நாப்பத்தி மூணு! சமோசாவையும் சேத்து!" என்று கத்தினாள். எதிர்ப்புறத்தில் கொய்யாவை வெட்டி மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்த வண்டி கண்ணில் பட்டதும், மீதிச் சமோசாவை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

நான் சமோசாவைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன். சீட்டில் அறுபத்தைந்து என்று இருந்தது. அதை நான்காக மடித்து உரைநடை வரலாற்றுக் குறிப்பேட்டுக்குள் வைத்தேன்.

அவள் கொய்யாவோடு திரும்பி வந்து, "உனக்கு எவ்ளோக்கா?" என்று கேட்டாள்.

"ஐம்பத்தெட்டு" என்றேன்.

அது பொய்யான எண் மட்டுமன்று, பழைய உண்மையும்கூட. முதுகலையில் சேர்ந்தபோது நான் அந்த எடைதான் இருந்தேன். யோசித்துச் சொல்லவில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு மூச்சு அளவுகூட இடைவெளி இருக்கவில்லை. அவள் கொய்யாவைக் கடித்துக்கொண்டே தலையாட்டினாள். மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் இரண்டு எண்களையும் அவளே ஒப்பித்தாள். நான் பக்கத்தில் நின்று திருத்தாமல் இருந்தேன்.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தராது. என் தங்கை உண்பதை நான் பல மாதங்களாகக் கவனித்துவந்தேன். ஒரு குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதியும் வைத்தேன். முண்டியம்பாக்கத்தில் சுண்டல், விக்கிரவாண்டி தாண்டியதும் வேகவைத்த மல்லாட்டை, மயிலத்தில் வண்டி நிற்கும் நிமிடத்தில் ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு என்று அவள் வாங்காத நாளில்லை. அவள் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்து நான் பார்த்ததில்லை. விற்பவர் பெட்டிக்குள் நுழைந்ததும் அவளுடைய கை உயர்ந்துவிடும். நானோ வேண்டாம் என்று காலையிலேயே முடிவு செய்துகொண்டு ஏறுவேன். திண்டிவனம் வரும்வரை அந்த முடிவைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவசரம் அவளுடையது, எடை என்னுடையது. இதில் எங்கோ கணக்கு தவறியிருக்கிறது என்று நிரூபிக்கத்தான் அந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கினேன்.

குறிப்புகள் எனக்குச் சாதகமாக அமையவில்லை. அவள் வாங்கியதை மட்டும் எழுதிவந்த நான், ஒரு கட்டத்தில் அவள் மிச்சம் வைத்ததையும் எழுத ஆரம்பித்தேன். சுண்டலில் பாதி எதிரில் இருக்கும் குழந்தைக்குப் போகும். வெள்ளரியில் நான்கு கடி. பரோட்டா வாங்கி வந்தால் ஒன்றரை உண்டபின் யாராவது கைபேசியில் அழைக்க, எழுந்து போய்விடுவாள். பிறகு திரும்ப வரமாட்டாள். அவளுடைய கை யோசிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் வாங்கிய பொருள் வாய்க்குப் போன அடுத்த நிமிடமே அவள் மனத்தை விட்டுப் போய்விடுகிறது. நான் வாங்காமல் விட்ட சுண்டலோ பேரணி, மயிலம், திண்டிவனம் எல்லாம் கடந்து, வீட்டுக்கு வந்து, நான் பாடம் படிக்கும் மேசையில் என்னோடு உட்கார்ந்திருக்கும். ஆறு நாள் பொறுப்பேன். ஏழாம் நாள், ஒரே நிமிடத்தில், நின்றபடியே, ஆறு நாளுக்கும் சேர்த்து உண்பேன். என் பொறுமை என்று வீட்டில் எல்லோரும் பாராட்டியது அந்த ஒரு நிமிடத்தைத் தள்ளிப்போடும் வேலை மட்டுமே. இது புரிந்த நாளிலிருந்து அவள்மீது எனக்கிருந்த பொறாமை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. முன்பு அவளுடைய இடுப்பின்மீது பொறாமைப்பட்டேன். பிறகு அவளுடைய மறதியின்மீது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஐம்பத்தெட்டை உண்மையாக்கும் முயற்சியில் கழிந்தன. நான்கு நாளில் ஏழு கிலோ குறையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், மதியச் சோற்றுப் பெட்டியைப் பாதியில் மூடினேன். கல்லூரியிலிருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் ஏறாமல் நடந்தேன். வியாழன் மாலை அப்பா மண்டியில் எங்கள் இருவருக்கும் தனித்தனியாக எடை போட்டு, சாக்கின் வாயைத் தைத்து, சின்னவள், பெரியவள் என்று கரியால் எழுதி வீட்டில் கொண்டுவந்து வைத்தார். சொன்ன எடைக்குமேல் ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ கூடுதலாக வைத்திருந்தார். தெய்வத்துக்குப் போவது குறையக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்த இரண்டு கிலோவை நானும் மனத்தில் கழித்துக்கொண்டேன். இன்னும் ஐந்துதான்.

சனிக்கிழமை நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் ஒருபொழுது இருக்க வேண்டும். காலையில் கூழ் குடித்ததோடு சரி, பிறகு எதுவும் கூடாது. தங்கை பதினொரு மணிக்கே மறந்துபோய் ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "போவட்டும் உடு, சின்னப் பொண்ணு, ஆத்தா கோச்சிக்க மாட்டா" என்று அம்மா சிரித்தார். எனக்கு எந்தத் தெய்வமும் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை.

மாலை நான்கு மணிக்கு அம்மாவும் அவளும் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். குளிர்பெட்டிக்குமேல் முந்தின நாள் அவள் வாங்கிவந்த பால்கோவாப் பொட்டலம் இருந்தது. அரைக் கிலோ. ஒரு மூலையில் மட்டும் விரல் அளவுக்குக் குழி. நான் தண்ணீர் குடிக்கத்தான் சமையலறைக்குள் போனேன். அதன்பின் நடந்ததற்கு வரிசை கிடையாது. சுவைத்ததாகவும் நினைவில்லை. காகிதத்தில் ஒட்டியிருந்த நெய்யை விரலால் வழித்துக்கொண்டிருந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன்; நான்கு பத்து.

காகிதத்தைக் குப்பைக்கு அடியில் புதைத்தேன். அவள் கேட்டால் என்ன சொல்வது என்று நான்கு பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவள் வந்தாள், குளிர்பெட்டியின்மேல் இருந்த சீப்பை எடுத்தாள், தலை வாரினாள். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அப்படி ஒரு பொட்டலம் இருந்ததே அவளுக்கு நினைவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோயிலில் இருந்தோம். மண்டபத்து உத்தரத்திலிருந்து பெரிய தராசு தொங்கியது. இரும்புச் சங்கிலி, இருபுறமும் மரப்பலகை. பெரியப்பா குடும்பம், அத்தை குடும்பம், ஊர்க்காரர்கள் சிலர் என்று முப்பது பேராவது இருப்பார்கள். கேப்பைக் கூழ் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது.

தங்கை முதலில் உட்கார்ந்தாள். ஊஞ்சலைப்போலக் காலை ஆட்டினாள், பூசாரி அதட்டினார். அப்பா சாக்கின் தையலைப் பிரித்துக் கூடை கூடையாக எதிர்த்தட்டில் கொட்டினார். சாக்கில் இன்னும் கொஞ்சம் மீதம் இருக்கும்போதே பலகை மெதுவாக எழுந்து நேரானது. குலவை இட்டார்கள். அப்பா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். தன் தராசு சரியாகச் சொன்ன மகிழ்ச்சி அது.

பிறகு நான் உட்கார்ந்தேன். என் பலகை தரையைத் தொட்டது. முதல் கூடை, இரண்டாவது, மூன்றாவது. சாக்கு காலியானது. அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். நான் தரையிலேயே இருந்தேன்.

"இன்னாடா இது! ஊரு மூட்டையெல்லாம் எடை போடுறவன், ஊட்டு எடையக் கோட்ட உட்டுட்டியே!" என்றார் பெரியப்பா.

"தம்பி மண்டியில இருக்குற தராசு எளைச்சிப் போச்சா, இல்ல பொண்ணு பெருத்துப் போச்சா?" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, "காலையில இன்னாடி துன்ன?" என்றார்.

"ஒண்ணும் துன்னல அண்ணி. நேத்து காலையிலிருந்து பச்சத் தண்ணியோட கெடக்குது" என்று அம்மா எனக்காக வாதாடினார். அம்மா சொன்னது என்னைச் சுட்ட அளவுக்கு அத்தை சொன்னது சுடவில்லை.

"சின்னவளோட மீதியப் போட்டுப் பாருங்க" என்றார் பெரியப்பா. அவளுடைய சாக்கில் மிஞ்சியிருந்த இரண்டு கிலோவை எதிர்த்தட்டில் கொட்டினார்கள். பலகை சற்றே அசைந்தது. எழவில்லை. அவளுடைய மிச்சம்கூட எனக்குப் போதவில்லை.

நான் எழ முயன்றேன். பூசாரி கையை நீட்டித் தடுத்தார். "உக்காந்த புள்ள எறங்கக் கூடாதும்மா. கொற நேத்திக்கடனாயிடும். தராசு நேரா நிக்கிற வரைக்கும் தட்டுலதான் இருக்கணும்." பிறகு அப்பாவிடம், "எங்கன்னா போயி எடுத்துக்கினு வாங்க, ஜல்தி. வெயில் ஏறுது" என்றார்.

அப்பா வண்டியை எடுத்தார். அவர் போய்த் திரும்பி வர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் முப்பது பேருக்கு நடுவே, முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு என்னைவிட்டு அப்பாவிடம் போனது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"கொஞ்ச நஞ்சமா? நாலு கிலோ, அஞ்சி கிலோ கொறையுது" என்று ஒருவர் கணக்குப் போட்டார். "அப்ப மண்டியில நம்ம சரக்க எப்படிப் போடுறானோ" என்றார் இன்னொருவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எல்லோரும் சிரிக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அறுபத்தைந்து என்று ஒரு சொல். அதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எப்படிச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்று வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தபோது, தங்கையின் குரல் கேட்டது.

"பெரிப்பா, நான்தான். வண்டில வர்றப்ப அக்கா மூட்டையப் பிரிச்சித் துன்னுக்கினே வந்தேன்."

"அஞ்சி கிலோவா?"

"பசிச்சிது பெரிப்பா."

மண்டபமே சிரித்தது. "காத்தடிச்சாப் பறந்து போறவ மாதிரி இருந்துக்கினு, அத்தினியும் எங்கடி பூந்துச்சி?" என்று அத்தை அவளுடைய கன்னத்தைக் கிள்ளினார். யாரும் நம்பவில்லை, ஆனால் எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. நான் ஐந்து கிலோ உண்டேன் என்று சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். உடனே நம்பியிருப்பார்கள்.

அவள் அப்பாவைக் காப்பாற்றினாள் என்பது எனக்குத் தெரிந்தது. என்னையும்தான். நன்றி தோன்றவில்லை. நான் நான்கு நாளாகச் சொல்ல வேண்டியிருந்ததை, சொல்லும் இடத்தை, யோசிக்காமல் கையை நீட்டி அவள் எடுத்துக்கொண்டாள் என்றே தோன்றியது. ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சை எடுப்பது போல.

அப்பா கொண்டுவந்ததைக் கொட்டியதும் என் பலகை தரையை விட்டு எழுந்தது. குலவை இட்டார்கள்.

மாலை வீட்டில் அப்பா தேநீர்க் குவளையைக் கையில் வைத்தபடி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் இருந்தேன்.

"மண்டித் தராசு அம்பது வரைக்கும் சரியா காட்டுது. சின்னவளுக்குக் கணக்கா நின்னுச்சி பாரு. அதுக்கு மேல ஏத்துனா ஜாஸ்தியா காட்டுதுன்னு நெனக்கிறேன். மண்டிக்கு வர்ற மூட்டையெல்லாம் எம்பது கிலோ. எத்தினி நாளா இப்பிடிக் காட்டுதோ தெரியல. நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடணும்."

"சின்னவதான் துன்னுட்டேன்னு சொன்னாளே?"

"நான் தச்ச வாய் தச்சபடியே இருந்துச்சி. கோயில்ல நான்தானே பிரிச்சேன். என் மானம் போவக் கூடாதுன்னு சொல்லியிருக்கா, பாவம்."

பெரியவள் எடையைத் தவறாகச் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இருபத்திரண்டு ஆண்டு பழகிய கையையும் தராசையும் சந்தேகித்தார், என்னைச் சந்தேகிக்கவில்லை. அப்போது தங்கை குறுக்கே வந்தாள். அப்பா அவளுடைய தலையில் ஒரு கணம் கையை வைத்தார். எங்கள் வீட்டில் அப்படி யாரும் யாரையும் தொடுவதில்லை. கதவிடுக்கு வழியாக அதைப் பார்த்தேன். அந்தக் கை எனக்கு வேண்டியிருந்தது. பால்கோவாவைவிட, ஐம்பத்தெட்டைவிட அதிகமாக வேண்டியிருந்தது.

அவள் உள்ளே வந்ததும் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"இன்னாக்கா பெருசா? வாயில வந்துச்சி, சொன்னேன்."

"நான் சொன்ன எடை தப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"கடை வாசல்ல நீ சொல்லச்சொல்லவே தெரியும். மூஞ்சே காட்டிக்குடுத்துச்சி."

"அப்புறம் ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "மறந்துட்டேன்க்கா" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அப்பா வண்டியை வெளியே தள்ளியபோது, நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"நானும் வர்றேன்ப்பா."

"காலேஜ் இல்ல?"

"அடுத்த வண்டியில போறேன்."

மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதலாளி இன்னும் வரவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேர் எடை மேடைக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மின்விசையைப் போட்டார். மேடையின் சிவப்பு எண்கள் எரிந்து பூஜ்யத்தில் நின்றன. தராசைச் சோதிக்கும் இரும்புக் கற்களை எடுக்க அவர் மூலைக்குப் போனார்.

அவர் திரும்புவதற்குள் நான் செருப்பைக் கழற்றினேன். தோள்பையை இறக்கி, அதிலிருந்த குறிப்பேட்டிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டேன். மேடையில் ஏறினேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா இருபது கிலோக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். "எறங்கும்மா. அது தப்பா காட்டுது."

நான் எண்ணைப் படித்தேன். மூன்று பேருக்கும் கேட்கும்படி, ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன். "அறுபத்தஞ்சு கிலோ நூறு கிராம். தராசு சரியாத்தான்ப்பா இருக்கு. புதன்கிழமை மருந்துக்கடையிலயும் எனக்கு அறுபத்தஞ்சுதான். நான்தான் தப்பாச் சொன்னேன்." சீட்டை நீட்டினேன்.

அவர் உடனே அருகில் வரவில்லை. நான் இறங்கவில்லை. அவர் கல்லைக் கீழே வைத்துவிட்டு, நடந்து வந்து, என் கையிலிருந்த சீட்டையும் எரிந்துகொண்டிருந்த எண்ணையும் தம் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை மேடையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.